இடதுகைப் பிள்ளைக்கு எந்த ரைஃபிள் வாங்குவது?

7 ஜூலை 2024, காலை – திருமங்கலம் அப்பா

மகள் எட்டாம் வகுப்பு. சாப்பிடுவது தவிர எல்லாமே இடது கை. தோழியோடு மதுரையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சு ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து ஏர் ரைஃபிள் கற்றுக்கொள்வேன் என்று ஒரே பிடிவாதம். அங்கே இருக்கிற கோச் "வலது கைக்கு மாத்திடலாம், இந்த வயசுல ஈஸி" என்கிறார். சென்னையில் ஒருவரிடம் வலதுகை மேட்ச் ரைஃபிள் (போட்டிக்கான ரைஃபிள்), பழசு, நல்ல விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? இடதுகைக்கென்று தனியாக ரைஃபிள் உண்டா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

7 ஜூலை, இரவு – வைகைக்கரை

எடுக்காதீர்கள். இந்த மாதம் எதையுமே எடுக்காதீர்கள். முதலில் எந்தக் கண் என்று பார்க்க வேண்டும், கை அப்புறம்.

மகளை வாசலில் நிறுத்தித் தூரத்தில் ஒரு மின்கம்பத்தையோ செல்போன் டவரையோ காட்டுங்கள். இரண்டு கையையும் முழுசாக நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் சின்ன ஓட்டை விடச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஓட்டை வழியே கம்பத்தைப் பார்த்தபடி கைகளை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டை எந்தக் கண் முன்னால் வந்து நிற்கிறதோ அதுதான் ரேஞ்சில் மாஸ்டர் ஐ என்கிற, குறிபார்ப்பதில் முந்திக்கொள்கிற கண்.

எதற்காக என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் பிள்ளைகள் தனக்குப் பிடித்த பக்கம் கொண்டுபோய்விடும். வேறு வேறு நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

இடது கை, இடது கண் என்றால் யோசிக்கவே வேண்டாம், இடது பக்கம். இடது கை, வலது கண் என்றால் கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரைஃபிளில் இரண்டு கைக்குமே வேலை உண்டு, பழகிவிடும். கண்ணைப் பழக்குவது அப்படி இல்லை.

8 ஜூலை – வைகைக்கரை

இன்னொன்று. பார்வையையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதற்குச் சாக்கு சொல்ல முடியாது. மாஸ்டர் ஐ ஒன்று, தெளிவாகத் தெரிகிற கண் இன்னொன்று என்று சில பிள்ளைகளுக்கு இருக்கும். கண்ணாடி போட்டபின் முடிவு மாறினாலும் மாறும். ரைஃபிளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தபிறகு அது தெரியவந்தால் வயிறு எரியும்.

10 ஜூலை – திருமங்கலம் அப்பா

எத்தனை தடவை பார்த்தாலும் இடது கண்தான் அண்ணே. பார்வை இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறதாம். கோச்சிடம் சொன்னேன். "இடதுகை ரைஃபிள் கிடைக்காது, கிடைத்தாலும் விலை, மாத்துறதுதான் நல்லது" என்கிறார். எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது.

10 ஜூலை, இரவு – வைகைக்கரை

இதைப் படித்ததும் எனக்குப் பழசெல்லாம் கிளறிவிட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு முகாமில் பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா போடுகிற ரைஃபிள்) சுட வைத்தார்கள். குப்புறப் படுத்து, ரைஃபிளின் பின்முனையை, அதாவது பட் என்பதை, இடது தோளில் வைத்தேன். பயிற்றுநர் குச்சியால் முழங்கையைத் தட்டி, "அந்தப் பக்கம் மாத்து" என்றார். மாற்றினேன். வலது தோள், வலது கன்னம், ஆனால் பார்ப்பது இடது கண். குறிபார்க்கிற சைட் இரண்டாகத் தெரிந்தது. இடது கண்ணுக்கு நேராக வரட்டும் என்று தலையை, கன்னம் வைக்கிற கட்டைக்கு மேலே சாய்த்தேன். கழுத்து வலித்தது. இடது கண்ணை மூடு என்றார். மூடினால் முகத்தின் அந்தப் பாதி முழுக்க இழுக்கிறது, கூடவே வலது கண்ணும் சுருங்கிக் கலங்குகிறது. குறி அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் ஓட்டைகள் மூலைக்கொன்றாக. "உனக்கெல்லாம் குறி வராது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதை நம்பி நான் பல வருடம் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை.

பிற்பாடு ஒரு நண்பனோடு ரேஞ்சுக்குப் போனபோது, அங்கே ஒரு பெரியவர் நான் பேனா பிடிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ரைஃபிளை என் இடது தோளில் வைத்தார். சைட், வட்டம், அட்டையின் கறுப்பு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. இதுதான் எல்லாருக்கும் தெரிகிறதா என்று இருந்தது. முகாமில் எனக்குக் குறி வராமல் இல்லை, கண் இருக்கிற பக்கம் ரைஃபிள் வரவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் அட்டை நடுவில் பத்து மதிப்பெண் தருகிற புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பெல்லட் என்கிற குண்டே 4.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 60 பெல்லட், எலக்ட்ரானிக் டார்கெட்டில் 1 மணி 15 நிமிடம். அவ்வளவு நேரமும் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தனக்கு வசமில்லாத கண்ணால் பார்க்கச் சொல்வது ஒரு பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

இடது பக்கம் சுட்டாலும் கண்ணை மூட வேண்டாம். பின் சைட்டில் வலது கண்ணை மறைக்கிற மாதிரி ஒரு பட்டை மாட்டினால் போதும், பிளைண்டர் என்பார்கள். 30 மி.மீ. உயரம், சைட் ஓட்டையின் நடுவிலிருந்து 100 மி.மீ. நீளம் வரை விதியில் அனுமதி உண்டு. கறுப்பாக வேண்டாம், பால் நிறத்தில் வெளிச்சம் கசிகிற பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றக் கண்ணின் பாவையும் விரிந்துவிடும்.

கோச்சிடம் சண்டை வேண்டாம். "சார், கொஞ்ச நாள் இடது பக்கம் சுட்டுப் பார்க்கட்டும், அட்டையை வைத்து முடிவு பண்ணுவோம்" என்று கேளுங்கள். நல்ல கோச் அட்டைக்குக் கட்டுப்படுவார். கால் மாற்றி ஆடிய நடராசரை மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் நிறுத்திக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. ஒரு பிள்ளை பக்கம் மாறி நிற்பதில் இங்கே யாருக்கும் கஷ்டம் இருக்கக் கூடாது.

13 ஜூலை – வைகைக்கரை

சரி, ரைஃபிளுக்கு வருகிறேன்.

பழகுவதற்கு, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற சாதாரண ஏர் ரைஃபிள் போதும். மாடல் 35 என்று நம்மூர்க் கடைகளில் கேட்டாலே தெரியும். அதில் பின்னால் இழுக்கிற போல்ட் கிடையாது, பக்கவாட்டு லீவர் கிடையாது. கட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இடதுகை, வலதுகை என்ற பேச்சே இல்லை. வாங்கும்போது கட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். இடது பக்கம் மட்டும் கன்னத்துக்கு மேடு விட்டிருந்தால் அது வலதுகைக்காரருக்குச் செய்தது. உங்கள் மகள் கன்னம் வைப்பது கட்டையின் வலது பக்கம். மாவட்ட, மாநில அளவில் ஓப்பன் சைட் (துளை இல்லாத, பள்ளம் மட்டும் வெட்டிய சாதாரண சைட்) பிரிவும் இருக்கிறது, இதை வைத்தே ஒரு போட்டியில் நின்று பார்க்கலாம்.

பெல்லட் போடும்போது மடக்கிய குழலைக் கையை விட்டு எடுக்கக் கூடாது. திடீரென்று நிமிர்ந்தால் விரல் போய்விடும். குழலை எந்தக் கை பிடிக்கிறது, பெல்லட்டை எந்தக் கை எடுக்கிறது என்று முதல் நாளே முடிவு பண்ணி, அதை மாற்றாமல் இருக்கட்டும்.

சட்டம் பற்றி ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. துளைக்குள், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று எடுத்துப் போங்கள். உரிமம் வேண்டாம் என்பதற்காகத் தோப்பில் கிளியையும் மைனாவையும் சுடுவது வேறு கதை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. அட்டையைத் தவிர எதன்மேலும் சுடுகிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

14 ஜூலை – வைகைக்கரை

மேட்ச் ரைஃபிள். "இடதுகைக்குக் கிடைக்காது" என்பது மரக்கட்டைக் காலத்துப் பேச்சு. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷூட்ஸ் மாதிரி கம்பெனிகள் இப்போது செய்கிற அலுமினியக் கட்டையில் சீக் பீஸ் (கன்னம் வைக்கிற பகுதி), பட் பிளேட் (தோளில் படுகிற தகடு) எல்லாம் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பல மாடல்களில் பெல்லட் போடத் திறக்கிற லீவரும் இடம் மாறும். மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று, ட்ரிகர் கை பிடிக்கிற கிரிப். இடதுகை கிரிப் என்று தனியாகக் கேட்டு, அளவு சொல்லி வாங்க வேண்டும். நம் நாட்டிலேயே பிரெசிஹோல் மாதிரி கம்பெனிகளும் ஏர் ரைஃபிள் செய்கிறார்கள். எங்கே வாங்கினாலும் "இடதுகை கிரிப் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும்" என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். "அப்புறம் வரும் சார்" என்று சொன்ன ஒரு கடைக்காரரிடம் நான் கிரிப்புக்காக ஒரு சீசன் முழுக்க அலைந்திருக்கிறேன்.

கிரிப் ஏன் இவ்வளவு முக்கியம்? வலதுகை கிரிப்பை இடது கையால் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை படுகிற இடத்தில் விரல் தடங்கள் இருக்கும். விரல்கள் சுற்றி வருகிற இடத்தில் உள்ளங்கைக்கு விட்ட புடைப்பு முட்டும். கை தானாகவே கோணிக்கொள்ளும். ஆள்காட்டி விரல் ட்ரிகரை நேரே பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். மேட்ச் ட்ரிகருக்குத் தொட்டால் போதும், அந்தச் சின்னத் தள்ளலிலேயே பத்து எட்டாகிவிடும்.

பழசு வாங்குவதாக இருந்தால், ரைஃபிளில் மாட்டுகிற காற்று சிலிண்டரில் அடித்திருக்கிற தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் தாங்குகிற சாமான் அது. பத்து வருடம்தான் ஆயுள், அதற்கு மேல் போட்டியில் மாட்டவும் கூடாது, வீட்டில் நிரப்பவும் கூடாது. சென்னை ரைஃபிளை மலிவாகத் தருகிறார் என்றால் நான் முதலில் கேட்பது சிலிண்டர் தேதிதான்.

21 ஜூலை – வைகைக்கரை

சோழவந்தான் தம்பி ஒருவர், "லீவர் வலது பக்கம் இருந்தால் இடதுகைக்காரருக்குப் பெரிய தொல்லை ஆயிற்றே, அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே" என்று எழுதியிருக்கிறார். இந்த வாரம் ரேஞ்சில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது.

நின்று சுடுகிற ஏர் ரைஃபிளில் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ரைஃபிள் தோளை விட்டு இறங்குகிறது. ஸ்டாண்டில் வைத்து, லீவரைத் திறந்து, பெல்லட் போட்டு, மூடி, மறுபடி ஏற்ற வேண்டும். லீவர் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த நேரத்தில் கை கொண்டுபோகலாம். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் தோளில் ஏறியபிறகு மாற்ற முடியாதவை கிரிப்பும் சீக் பீஸும். ஆகவே காசு குறைவாக இருந்தால் லீவரை விட்டுக்கொடுங்கள். கிரிப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய மரக்கட்டை ரைஃபிளாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பட் லேசாக வலது பக்கம் வளைந்திருக்கும், வலது தோளுக்காக. அதை எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய முடியாது.

28 ஜூலை – வைகைக்கரை

இன்றைக்கு ரைஃபிள் பற்றி எழுத வரவில்லை. கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் பாரிஸ் ஒலிம்பிக் ஏர் ரைஃபிளில் பத்தாம் இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். மனசு ஆறவில்லை. ரமிதா உள்ளே போயிருக்கிறார், மனு பாக்கர் பிஸ்டலில் வெண்கலம், அதெல்லாம் சந்தோஷம்தான். இருந்தாலும் நம்ம பொண்ணு.

திருமங்கலத்துக்காரரே, மகளோடு உட்கார்ந்து இந்தப் போட்டிகளைப் பாருங்கள். யார் ஜெயிக்கிறார்கள் என்பதைவிட ரைஃபிள் தோளில் ஏறுவதற்கு முன் காலை எப்படி வைக்கிறார்கள், எத்தனை தடவை ஏற்றிவிட்டுச் சுடாமல் இறக்குகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. வலது இடுப்பு டார்கெட் பக்கம், வலது முழங்கை வலது இடுப்பெலும்பின் மேல், ரைஃபிளைத் தாங்குவது வலது கை. டி.வி. படத்தை அப்படியே காப்பி அடிக்காமல் இருக்கட்டும்.

2 ஆகஸ்ட் – வைகைக்கரை

ஸ்வப்னில் குசாலே வெண்கலம்! 50 மீட்டர், மூன்று நிலை: மண்டியிட்டு, படுத்து, நின்று. நேற்றிலிருந்து ரேஞ்சில் எல்லாரும் பாயிண்ட் டூ டூ பேச்சுத்தான்.

அதனால் லீவர் பற்றி 21-ம் தேதி எழுதியதை அப்படியே பாயிண்ட் டூ டூ-வுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே கதை தலைகீழ். படுத்துச் சுடும்போது ரைஃபிள் தோளை விட்டு இறங்கக் கூடாது. தாங்குகிற கை வாரில் கட்டுண்டு கிடக்கும், அதை எடுக்கவே முடியாது. போல்டை இழுக்க வேண்டியது ட்ரிகர் கை. இடதுகைக்காரர் வலது போல்ட் ரைஃபிளை வைத்திருந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடது கையை ரைஃபிளுக்கு மேலே தாண்டிக் கொண்டுபோய் இழுக்க வேண்டும். முழங்கை எழும்பும், தோள் நகரும், உருவாக்கி வைத்த நிலை கலையும். வெற்றுத் தோட்டா வலது பக்கம் தெறிக்கும், இடதுகைக்காரர் முகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். பாயிண்ட் டூ டூ-வில் இடது போல்ட் இல்லாமல் இறங்காதீர்கள். ஆன்ஷூட்ஸில் இடதுகை மாடல் வெகு காலமாகவே உண்டு.

அதற்கு உரிமம் வேண்டும், அது தனிப் பயணம். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், விளையாட்டு வீரர் என்று விலக்குக் கேட்டு மனுப் போட வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது இதெல்லாம் எதற்கு. ஏர் ரைஃபிளே போதும்.

4 ஆகஸ்ட் – வைகைக்கரை

"ஹங்கேரியின் டாகாச் வலது கை போனபிறகு இடது கையால் ஒலிம்பிக் தங்கம் வாங்கினாரே, பிள்ளையை மாற்றினால் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார்.

கரோய் டாகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கையை இழந்தார். 1948-லும் 1952-லும் பிஸ்டலில் தங்கம். அவரை நினைத்தால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் அவர் சுட்டது பிஸ்டல், கையை நீட்டிச் சுடுவது. எந்தக் கைக்கும் எந்தக் கண்ணையும் கொண்டுவரலாம். ரைஃபிளில் கன்னம் கட்டையில் ஒட்டி இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கண்ணைத் தவிர வேறு கண்ணுக்கு அங்கே வழி கிடையாது. அதோடு அவருக்கு வேறு கை இல்லை. இந்தப் பிள்ளைக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. அவருக்கு விதி செய்ததை நாம் ஏன் ஒரு குழந்தைக்கு வேண்டுமென்றே செய்ய வேண்டும்?

11 ஆகஸ்ட் – வைகைக்கரை

சுடும்போது போடுகிற ஜாக்கெட் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடன் வாங்கிய ரைஃபிளில் பழகலாம். கடன் வாங்கிய வலதுகை ஜாக்கெட்டில் பழகவே முடியாது. பட் நழுவாமல் இருக்கத் தைத்த ரப்பர் வலது தோளில் இருக்கும், உங்களுக்கு வேண்டியதோ இடது தோளில். இடதுகை ஜாக்கெட் கடையில் தொங்காது, அளவு கொடுத்துத் தைக்க வேண்டும். வளர்கிற பிள்ளை என்று ரொம்பவும் தொளதொளவென்று எடுத்தால் அது ஜாக்கெட்டே இல்லை. முதல் வருடம் ஜாக்கெட் இல்லாமலே சுடட்டும், முதுகும் பழகும்.

லேன் விஷயம், அதாவது ரேஞ்சில் ஒவ்வொருவரும் நின்று சுடுகிற இடம். வலதுகைக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள். உங்கள் மகள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பாள். நடு லேனில் விட்டால் இடது பக்கத்து ஆளும் அவளும் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்க வேண்டிவரும். அவர் பெருமூச்சு விட்டாலும் அவளுக்குத் தெரியும், புதுப் பிள்ளைகளுக்கு இது பெரிய கூச்சம். இடது கோடி லேனைக் கேட்டு வாங்குங்கள். முகத்துக்கு முன்னால் சுவர், முதுகுக்குப் பின்னால் பக்கத்து ஆளின் முதுகு. நான் எப்போதும் அங்கேதான். போட்டியில் லேன் நம் கையில் இல்லை, அதனால் நடுநடுவே நடு லேனிலும் நிற்கப் பழக்குங்கள்.

18 ஆகஸ்ட் – திருமங்கலம் அப்பா

சென்னை ரைஃபிளை விட்டுவிட்டோம். சிலிண்டர் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. கோச் இடது பக்கம் சுடவிட்டார், அட்டையைப் பார்த்தபிறகு அவரே "இப்படியே இருக்கட்டும்" என்றார். ரேஞ்சில் இருக்கிற மேட்ச் ரைஃபிளில் சீக் பீஸை மாற்றிக் கொடுக்கிறார்கள். கிரிப் மட்டும் வலதுகை. புதுசு வர மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை என்ன செய்வது?

18 ஆகஸ்ட், இரவு – வைகைக்கரை

ரொம்பச் சந்தோஷம். அந்தக் கோச்சுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கிரிப்பை நாமே செய்யலாம். நான் சுடுவதே அப்படிச் செய்த கிரிப்பில்தான். ரேஞ்சில் அனுமதி வாங்கிக் கழற்றிய பழைய கிரிப்பை ஒரு நல்ல ஆசாரியிடம் கொண்டுபோங்கள். கட்டில், கதவு செய்கிறவராக இருந்தாலும் போதும். ரைஃபிளில் மாட்டுகிற மேல்பாகமும் திருகாணித் துளையும் பழையதில் இருக்கிற மாதிரியே இம்மி பிசகாமல் வர வேண்டும். அதற்குக் கீழே கைக்கு இடம். மகள் இடது கையில் பிசைந்த களிமண்ணை, ட்ரிகரில் விரல் இருக்கிற மாதிரி வைத்து மெதுவாகப் பிடிக்கட்டும். அழுத்திப் பிடித்தால் அச்சு தப்பாகிவிடும். காய்ந்ததும் அதைப் பார்த்து ஆசாரி தேக்கில் செதுக்குவார். என் ஆசாரி முதலில் "இது என்ன சாமான்யா" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, கட்டை விரல் அடியில் இருக்கிற மேட்டை நகத்தால் அளந்துகொண்டு, ஒரே உட்காரலில் முடித்துவிட்டார்.

கொஞ்சம் பெரிதாகவே விடச் சொல்லுங்கள். உப்புத்தாள் வீட்டில் நீங்களே போடுங்கள், ஒரு நாள் தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து. அதிகம் தேய்ந்துவிட்டால் தேக்குத் தூளையும் பெவிகாலையும் குழைத்து அப்பலாம். குழல் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 60 மி.மீ.க்கு மேல் கிரிப் நீளக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வார்னிஷ் பூச வேண்டாம், மதுரை வெயிலில் கை வேர்த்தால் வழுக்கும். சொரசொரப்பாகவே இருக்கட்டும்.

செதுக்கி முடித்ததும் படம் போடுங்கள். விரல் எங்கே உட்காருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.